பழைய சோபா வாங்கலாமா?

கேள்வி: கரோசெல் இணைய விற்பனைத் தளத்தில் பழைய சோபா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: படத்தை நம்பி முன்பணம் அனுப்பிவிடாதீர்கள், பேநவ் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் போன பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. நேரில் சென்று, மெத்தையைத் தூக்கி, தையல் மடிப்புகளிலும் அடிப்பக்கத் துணியிலும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் கொத்தாகத் தென்பட்டால் அது மூட்டைப்பூச்சியின் எச்சமாக இருக்கக்கூடும் என்பதால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். முன்கால் ஒன்றை அரையடி உயர்த்தும்போது மற்ற முன்காலும் உடன் எழும்பாவிட்டால் சோபாவின் சட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். செயற்கைத் தோலுறை நம் ஊர்ப் புழுக்கத்தில் உரிந்துவிடும்; துணியுறையே என் தேர்வு. லாரிக் கூலி யாருடையது என்பதைப் பேசி முடித்து, உங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலையும் அளந்துகொள்ளுங்கள்.