வண்டல் வரும் என்றவருக்கு

கேள்வி: பக்கத்து வளவு அக்காவுக்கு இரண்டு ஏக்கர் வயல். போன மார்கழி வெள்ளத்தில் குடலைப் பருவத்து நெல் ஐந்து நாள் தண்ணீருக்குள் நின்று அழுகிவிட்டது. ஆறுதல் சொல்லப் போனேன். "எல்லாம் நன்மைக்குத்தான் அக்கா. துன்பத்துக்குள்ளேதான் கடவுள் வரத்தை ஒளித்து வைப்பார். பொறுமையும் நம்பிக்கையும் இருந்தால் கண்டுகொள்ளலாம். வெள்ளத்தோடு வண்டல் வரும், அடுத்த போகம் நல்லாய் விளையும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அந்த வரம் உன்ர வயலுக்கும் வரட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று கிழமையாகக் கதைப்பதில்லை. கோவில் பிரசங்கத்தில் கேட்டதைத்தானே சொன்னேன்? இதில் என்ன பிழை?
— வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: முதலில் ஒரு சந்தேகம். உங்கள் வயல் மேட்டிலா இருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேட்டு வயல்காரர் பள்ளத்து வயல்காரருக்கு வெள்ளத்தின் நன்மைகளை விளக்கப் போயிருக்கிறார். அந்த அக்கா ஒரே வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். பொறுமை வேண்டும் என்றீர்கள்; அதை அவர் அந்த இடத்திலேயே உங்களுக்குக் காட்டிவிட்டார்.

வண்டல் கதையையும் பார்த்துவிடுவோம். தண்ணீர் மெல்லப் பரந்து, மெல்ல வடிகிற இடத்தில் வண்டல் படியும். வாய்க்கால் கட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்த வயலில் ஏறுவது மணல். வரம்பு கரையும், போட்ட பசளை அள்ளுண்டு போகும். உங்கள் அக்காவின் வயலில் எது நடந்தது? போய்ப் பார்த்தீர்களா? பார்க்காமலே சொன்னீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். துன்பத்துக்குள் வரம் ஒளிந்திருக்கும் என்பதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது.

போர் முடிந்த பிறகு, 2010 மாசியில் அகதி முகாமிலிருந்து வளவுக்குத் திரும்பினோம். கூரைத் தகரம் இல்லை, கதவு நிலை இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடந்தது என்று இப்போது சொல்லத் தேவையில்லை. வேலியோரத்தில் ஏழு பனை நின்றிருந்தன. இரண்டுக்குத் தலை இல்லை. தறப்பாள் கட்டி முடிந்த அன்று பின்னேரம் அம்மா பனையடியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். 2009 ஆவணியில் விழுந்த பழத்தைப் பொறுக்க வளவில் ஆள் இருக்கவில்லை. விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து, மாரி மழை குடித்து, கொட்டை முளைத்து மண்ணுக்குள் கிழங்கு இறக்கியிருந்தது. பாத்தியில் அடுக்கிய கிழங்கைப் போல நேராக இல்லை. இறுகின மண்ணைக் குத்திக்கொண்டு போனதில் கோணல்மாணல், மெலிவு, நாரும் கூட. ஆனால் கிழங்கு.

அம்மா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு உடனே கிண்டத் தொடங்கவில்லை. எங்கள் ஒழுங்கையின் அந்தப் பக்கம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. அங்கே மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்த பெடியனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பனையடி பார்த்தாச்சோ?" என்று கேட்டார். அவன் ஓம் என்றான். இன்னொருக்காக் கேட்டார். அதற்குப் பிறகுதான், "அம்மாளாச்சி" என்று அம்மனைக் கூப்பிட்டு அலவாங்கை ஊன்றினார். என் அம்மாவின் பக்தியை ஊரே அறியும். அந்தப் பக்தி அவரை மிதிவெடிப் பெடியனைக் கேட்கவிடாமல் தடுக்கவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு கடகம் கிழங்கு வந்தது. உப்புப் போட்டு அவித்தோம். தோலை உரித்து, நாரை இழுத்து, நடுத் தும்பை எறிந்துவிட்டுக் கடிக்கும்போது அம்மா சொன்னார்: "ஆளில்லாத வளவிலயும் அவ எங்களுக்கெண்டு விதைச்சு வச்சிருக்கிறா." கடவுள் இல்லை என்று வாதாடித் திரிந்த காலம் எனக்கு அது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வாய் நிறையக் கிழங்கு என்பது ஒரு காரணம்.

வரம் என்று அம்மா சொன்னார், அது வரம்தான். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் இழந்தார், அவர் திரும்பி வந்தார், அவர் கிண்டினார், அவரே கண்டெடுத்தார். இதே வசனத்தை இரண்டு மூன்று மாதம் முன்னால், முகாமில் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவரிடம், "உங்கட வளவில இப்ப பனங்கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கு, கவலைப்படாதேங்கோ" என்று யாராவது சொல்லியிருந்தால்? சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும். வாளி பறந்திருக்கும்.

அப்படி ஒருவர் வரவும் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தண்ணீர்ப் போத்தல். பொன்னைச் சுடச் சுடத்தான் ஒளி வரும், நீங்கள் எல்லோரும் புடம் போடப்படுகிற பொன் என்றார். திருவள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று குறளையும் சொன்னார். "சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும்" என்ற முதல் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கடைசியில் "துன்பம் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு" என்று இருக்கிறதே, அதைச் சொல்லவில்லை. அந்தக் குறள் இருப்பது தவம் என்ற அதிகாரத்தில். தானாக விரும்பி நோன்பு நோற்பவரைப் பற்றிய பேச்சு அது. ஷெல்லுக்குப் பயந்து ஓடி வந்து முள்ளுக்கம்பிக்குள் நின்றவர்கள் ஒருவரும் தவம் இருக்கவென்று வரவில்லை. ஐயாவின் உரை முடியும்வரை எங்கள் வரிசை நகரவில்லை என்பது தனிக் கோபம்.

நம்பிக்கை உள்ளவர் முறையிடமாட்டார் என்றும் ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அக்காவின் பதில் உங்களைச் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோயோடு திருவதிகைக்கு வந்து அவர் பாடிய முதல் பதிகமே முறைப்பாடு. யமனைப் போல வருத்துகிற இந்த நோயை விலக்கமாட்டீரா என்று தொடங்குகிறார். குடலை முறுக்கி முடக்குகிறதே, "ஆற்றேன் அடியேன்" என்கிறார். என்னால் தாங்க ஏலாது. வேறு அர்த்தம் இல்லை. வயிற்றுவலிக்குள் வரம் ஒளிந்திருக்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தமக்கை திலகவதியார் திருநீறு கொடுத்து, கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நோய்தான் தன்னைச் சிவனிடம் கொண்டு வந்தது என்று பிறகு அவர் உணர்ந்தார். வலித்தபோது வலிக்கிறது என்றுதான் பாடினார். நாம் அதையும் தேவாரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அக்கா சொன்னால் மட்டும் நம்பிக்கைக் குறைவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். சில துன்பங்களுக்குள் வரம் தேடவே கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி எத்தனையோ பேர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். பொறுமைக்கு வன்னியில் அதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது. நீங்கள் அக்காவிடம் சொன்னதை அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எழும்பாது.

அப்புறம், எல்லாவற்றையும் கடவுளின் கணக்கில் எழுதிவிடுவதும் வசதியான பழக்கம். மழை மேலேயிருந்து வருகிறது, சரி. வெள்ளமும் அப்படித்தானா? 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பெரிய வாக்குவாதம் நடந்தது, விசாரணையும் வைத்தார்கள். வடிகால் வாய்க்காலை யார் துப்புரவாக்கவில்லை, எந்த மதகு அடைபட்டிருந்தது, தண்ணீர் போகிற வழியில் யார் மதில் கட்டினார்கள் என்பதெல்லாம், அம்மா மிதிவெடிப் பெடியனிடம் கேட்டது போல, மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாம் அவன் சோதனை என்று சொன்னவுடன் இந்தக் கேள்விகள் வாயடைத்துப் போகின்றன. வடிகால் துப்புரவாக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய வரம், ஒத்துக்கொள்கிறேன்.

பொறுமை பற்றியும் சொல்லியிருந்தீர்கள். நீங்களும் வயல் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மானாவாரியில் புழுதி விதைப்பு விதைத்தவர் மழைக்குப் பார்த்திருப்பார். சும்மாவா பார்த்திருக்கிறார்? வேலி அடைக்கிறார், வரம்பு கட்டுகிறார், இரவில் பன்றிக்குக் காவல் கிடக்கிறார், மழை பிந்தினால் விதைநெல் இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார். மனதுக்குள் மழையைத் திட்டவும் செய்கிறார். அத்தனையும் சேர்ந்ததுதான் பொறுமை. அக்காவுக்கு நீங்கள் சொன்ன பொறுமையில் இந்த வேலை ஒன்றையும் காணவில்லை. பேசாமல் இரு என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வைகாசிப் பொங்கலுக்குப் போயிருப்பீர்கள். அந்தக் கதையும் தெரிந்திருக்கும். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் கண்ணகி கிழவி உருவத்தில் வருகிறாள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியன்கள் அவளைக் காண்கிறார்கள். அவர்கள் செய்தது என்ன? இருக்க இடம் கொடுத்தார்கள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள், இருட்டியதும் விளக்கு வைத்தார்கள். எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விட்டு எரிக்கச் சொன்னாள், எரித்தார்கள். தலையில் பேன் கடிக்கிறது என்றாள், பார்த்தார்கள். தலை முழுக்கக் கண்! அம்மன் என்று அப்போதுதான் தெரிகிறது. அதுவரை அவர்களுக்கு அவள் பசித்த ஒரு கிழவி. "ஆச்சி, உன் புருஷனை வெட்டியதிலும் ஏதோ நன்மை இருக்கும்" என்று அந்தப் பொடியன்களில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முல்லைத்தீவும் எரிந்திருக்கும்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. அக்கா பயிர்ச்சேத விண்ணப்பம் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால், கிராம சேவகரிடமும் கமநல சேவை நிலையத்துக்கும் நீங்கள் கூடப் போங்கள். தனியாகப் போகிற பெண்ணை நாளைக்கு வா என்பார்கள். இரண்டு பேராகப் போனால் ஒரு கதிரையாவது கிடைக்கும். விதைப்புக்குக் கடன் எடுத்திருப்பார். கிழமைக் கட்டு வாங்க வருகிறவர் முற்றத்தில் வந்து நிற்கிற நேரம் நீங்களும் அங்கே நில்லுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், நின்றால் போதும், அவர் குரல் இறங்கும். உங்கள் மேட்டு வயலில் விதைநெல் மிஞ்சினால் இரண்டு மூட்டை ஒதுக்கி வையுங்கள். இதெல்லாம் நடந்து, ஒரு நாள் அக்காவே "அந்த வெள்ளம் வந்திராட்டி…" என்று ஏதாவது சொல்லத் தொடங்கினால், இருந்து கேளுங்கள். சொல்லாமலே விட்டாலும் விடட்டும்.

முதலில் இன்றைக்குப் பின்னேரம் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கால் கிலோ சீனி, ஒரு தேங்காய் போதும். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வயலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், சேற்றுக்குள் இறங்குங்கள். வண்டல் கண்ணில் பட்டாலும் அன்றைக்கு அதைப் பற்றி மூச்சுவிட வேண்டாம்.