யுரேனைல் (ஒரு யுரேனியமும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) உப்புகள்: கேள்வி-பதில்

கே: யுரேனைல் நைட்ரேட்டில் யுரேனியம் எத்தனை சதவீதம்?

ப: எத்தனை நீர் மூலக்கூறு என்று எழுதாமல் சதவீதம் கேட்டால், நான் ஜோசியமா பார்ப்பது? ஆறு நீர் உள்ள உப்பில் 47. நீரற்றதில் 60. புட்டியின் மேல் எழுதியிருக்கும், படியுங்கள்.

கே: கரைசலில் சோடியம் கார்பனேட் விட்டதும் மஞ்சள் வீழ்படிவு வந்தது. இன்னும் விட்டேன், காணாமல் போய்விட்டது.

ப: எங்கும் போகவில்லை. மிகுதியான கார்பனேட்டில், மூன்று கார்பனேட்டோடு பிணைந்து ட்ரைகார்பனேட் அணைவாகிக் கரைந்துவிட்டது. சுண்ணாம்பு மிகுந்த தாதுக்களிலிருந்து யுரேனியத்தைக் கரைத்தெடுப்பதும் இதே வழியில்தான். மீட்க வேண்டுமானால் அமிலம் விட்டு, கார்பன் டை ஆக்சைடை முழுக்க விரட்டிய பிறகு அம்மோனியா சேருங்கள்.

கே: புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறதே, கதிரியக்கம் அவ்வளவு பலமா?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒளிர்வுக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஐயா! விளக்கின் ஒளியை வாங்கி, யுரேனைல் அயனியில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் யுரேனியத்துக்குத் தாவுகிறது. திரும்பும்போது பச்சை ஒளி வருகிறது. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் அணையும். கதிரியக்கம் எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாது. தோரியம் நைட்ரேட்டும் கதிரியக்க உப்புதான். அது இப்படி ஒளிர்வதில்லை. நாலு இணைதிறன் கொண்ட பச்சை யுரேனிய உப்புகளும் அப்படியே. 1896இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் யுரேனைல் உப்பை வெயிலில் வைத்தால்தான் கதிர் வரும் என்று நம்பித் தொடங்கினார். மேகமூட்டத்தில் மேசை இழுப்பறைக்குள் உப்போடு கிடந்த ஒளிப்படத் தகடும் கறுத்தது. பிறகு ஒளிராத யுரேனிய உப்புகளையும் வைத்துப் பார்த்தார். அவையும் தகட்டைக் கறுக்க வைத்தன. நூறு வருஷத்துக்கு மேலாகியும் திரைப்படக்காரர்கள் பச்சை வெளிச்சத்தை விடுவதாயில்லை. நீங்களுமா?

கே: கையுறை போட்டால் போதுமா?

ப: கைக்குப் போதும், மூக்குக்கு? யுரேனியம் முதலில் கன உலோக நஞ்சு, அப்புறம்தான் கதிரியக்கப் பொருள். அடி விழுவது சிறுநீரகத்துக்கு. உலர்ந்த தூளைப் பறக்க விடாதீர்கள்.

கே: உப்பைச் சுத்திகரித்த புதிதில் பீட்டா கதிர் எண்ணிக்கை குறைவு. இப்போது ஏறுகிறது. கருவி பழுதா?

ப: கருவி சரியாகத்தான் இருக்கிறது. சுத்திகரித்தபோது, யுரேனியம் சிதைந்து உண்டாகும் தோரியம்-234 கழன்றுவிட்டது; இப்போது மறுபடி ஊறுகிறது. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 24 நாள். நாலைந்து மாதத்தில் பழைய அளவுக்கு வந்து நிற்கும். 1900இல் ஆங்கில வேதியியலாளர் குரூக்ஸ் பிரித்தெடுத்த ‘யுரேனியம் எக்ஸ்’ இதுதான்.

கே: ஈதரில் கரைத்து வைக்கலாமா?

ப: கூடாது. நைட்ரேட்டும் ஈதரும் வெளிச்சத்தில் சேர்ந்து வெடித்ததுண்டு. மண்ணெண்ணெயில் கலந்த ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் இருக்கிறதே. பிரித்தெடுக்க அது போதும். அப்புறம், தூளைப் பறக்க விடாதீர்கள்.