தீயணைப்பு வீரர் மனநல மருத்துவரிடம் போனால் வேலை போய்விடுமா?

கேள்வி: "என் கணவருக்கு வயது 41. விருதுநகர் மாவட்டத்தில் தீயணைப்போராக இருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் உடல்களை எடுத்த குழுவில் இருந்தார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நடுராத்திரியில் அலறி எழுகிறார். வீட்டில் கறி சமைத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். தினமும் குடிக்கிறார். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், 'எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) ஏறிவிடும், வேலை போய்விடும்' என்கிறார். தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் மெடிக்கல் போர்டில் 'அன்ஃபிட்' சர்டிபிகேட் வாங்கித் தருவதாகவும், அந்த வேலையை மகனுக்கு வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?"

பதில்: சகோதரி, வேலை போகாது. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு மருத்துவரைப் பார்ப்பதை யாரும் அவருடைய நிலையத்துக்குத் தபால் எழுதித் தெரிவிப்பதில்லை. நோயாளி பற்றிய விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில் சொல்கிறது. மனநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கருதவும் முடியாது. அதைச் சொல்ல நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். மெடிக்கல் லீவு எடுத்தால்தான் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகும். முதல் இரண்டு மூன்று தடவைக்கு அது தேவைப்படாது. ஆஃப் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, நோய் முற்றி, வண்டியில் ஏறவே முடியாத நிலை வந்தால்? அப்போதும் அரசு அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால் அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ, பதவியைக் குறைக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்த, மனநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இந்தப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்றது. சீருடைப் பணி என்ற ஒரே காரணத்தால் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அரசு தனி அறிவிக்கை போட்டு விலக்கு அளித்த பணிகளுக்குத்தான் அது பொருந்தாது.

இனி அந்தத் 'தெரிந்தவர்'. இவரைப் போன்ற ஆள் இல்லாத மாவட்டம் இல்லை. முதலில் "செலவுக்கு" என்று கொஞ்சம் வாங்குவார். பிறகு "டாக்டருக்கு", பிறகு "செக்‌ஷனுக்கு". அவர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணவருக்கு ஓய்வு வயது வர இன்னும் 19 வருடம் இருக்கிறது. குணமாகக்கூடிய ஒரு நோய்க்காக அந்த 19 வருடச் சம்பளத்தை விடச் சொல்கிறார். தகப்பனுக்கே 41 என்றால் மகன் அநேகமாகப் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எந்த வேலையை இப்போது வாங்குவது? இப்படி வாரிசுக்கு வேலை தரும் கருணை அடிப்படை நியமனம் நிபந்தனைகளுக்கு உட்பட்ட சலுகைதான். அதைக் கேட்டுப் பல வருடம் அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஒன்று உண்டு: "இனி என்னால் இந்த வேலை செய்ய முடியாது" என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பைத் தன் கையாலேயே தள்ளிவிட்டதாக ஆகிவிடலாம். எழுதாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அடையாள அட்டை, சம்பளச் சான்று எதையாவது கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்குங்கள்.

நோய்க்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் போலத் தெரிகிறது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். கோரமான ஒன்றைக் கண்ட முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் கெட்ட கனவு வருவதும் பலருக்கும் உண்டு. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் வைத்தியம் வேண்டும். உங்கள் வீட்டில் நான்கு மாதம் ஆகிவிட்டது. கறி வாசனையில் அவர் எழுந்து போவது உங்கள் மேல் உள்ள கோபமோ திடீர் சைவமோ அல்ல. அந்த வாசனை மூக்கில் பட்டதும் மூளை அவரைத் திரும்ப அந்த ஆலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. கொஞ்ச நாளைக்கு வீட்டில் கறி வேண்டாம். ஏன் என்று பிள்ளைகள் முன்னால் கேட்கவும் வேண்டாம்.

"இத்தனை வருஷம் பார்த்தவர்தானே, பழகியிருக்காதா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பழகுவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. கிணற்றில் விழுந்த குழந்தை, லாரிக்கு அடியில் சிக்கியவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஏதோ ஒரு விபத்து அழைப்புக்குப் போய் வந்த பிறகு தாங்காமல் போகிறது. பிறருடைய உடல்களைத் திரும்பத் திரும்பக் கையாளும் மீட்புப் பணியாளர்களுக்கும் இந்த நோய் வரும் என்பது 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வரையறையிலேயே இருக்கிறது.

இதற்குப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் வாரம் ஒரு முறை வீதம் சில மாதம் பேச்சுச் சிகிச்சை எடுக்க வேண்டும். தேவையானால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாக அல்பிரசோலம் வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு அது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

குடி விஷயத்தில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். குடியை நிறுத்தச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பல மாதமாகத் தினமும் குடிப்பவர், நீங்கள் அழுததற்காகவோ கோயிலில் கயிறு கட்டியதற்காகவோ ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே ஆபத்தாகலாம். முதல் நாளில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். இடம் தெரியாமல் உளறலாம், இல்லாததைப் பார்த்துப் பேசலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்றால் அவர் இந்த வகை. அவருக்கு மருத்துவமனையில் வைத்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். மாலையில் மட்டும், அதுவும் ஒரு குவார்ட்டருக்குள் குடிப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. என்றாலும் மருத்துவரிடம் அளவை மறைக்காமல் சொல்லுங்கள். வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் 'மறுவாழ்வு மையங்கள்' பக்கம் போகவே போகாதீர்கள். பல இடங்களில் பதிவும் இல்லை, மருத்துவரும் இல்லை, அடிதான் வைத்தியம்.

இவ்வளவையும் ஒரு மனைவி கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்பதில் எனக்கு ஆத்திரம் உண்டு. வருடம் ஒரு முறை, உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் முகாம் நடத்துகிறார்கள். வீரர்களை வரிசையாக உட்கார வைத்து, நிலைய அலுவலர் பக்கத்தில் நிற்க, "யாருக்காவது மனசுல பிரச்சினை இருக்கா?" என்று கேட்கிறார்கள். யார் கையைத் தூக்குவார்? விபத்து நடந்த மறுநாளே எல்லோரையும் கூட்டி, கண்டதையெல்லாம் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வால் இந்த நோய் தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. மூன்றாம் மாதம் தனியாக அழைத்து, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு ஆள் போட்டால் போதும். அதற்குத்தான் ஆளில்லை.

மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் வர அவர் தயங்கினால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், நீங்களே கூடப் பேசலாம். "நான் இல்லாவிட்டால் நீங்கள் நன்றாக இருப்பீர்கள்" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் ஆஃப் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.