பழைய கம்யூனிஸ்ட் நாட்டு பேங்குகளைப் படித்து என்ன வேலைக்குப் போவது?

அன்புள்ள ஐயா,

நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். மகள் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுக் கோச்சிங்கில் சேர்த்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தால், அவள் செக் குடியரசு, ஹங்கேரி, போலந்து என்று அங்குள்ள பேங்குகளையும் கம்பெனிகளையும் ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்கிறாள். கம்யூனிச ஆட்சி போய் முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டதே, இதைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பது உங்கள் கவலை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர் போட்ட வேலை இன்று அநேகமாகக் கிடையாது. 1989-ல் பெர்லின் சுவர் விழுந்த பிறகு பத்துப் பதினைந்து வருஷம் இந்தத் துறைக்கு நல்ல மவுசு இருந்தது. 1991-ல் இந்த நாடுகளுக்கு உதவவென்றே லண்டனில் ஐரோப்பிய புனரமைப்பு மற்றும் வளர்ச்சி வங்கியைத் தொடங்கினார்கள். பின்லாந்தின் மத்திய வங்கி ஹெல்சிங்கியில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் வைத்தது. 2004-ல் அந்த நாடுகளில் எட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பரபரப்பு அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் இருந்த கேள்விகள் அப்படியே இருக்கின்றன. பேங்க் யார் கையில் இருந்தால் கடன் யாருக்குப் போகும்? ஒரு முதலாளி எப்போது துணிந்து லாபத்தைத் திரும்பத் தொழிலில் போடுவார்? இவற்றுக்கு விடை தேடத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

நீங்கள் அரசு வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். கம்யூனிச ஆட்சியில் மத்திய வங்கியும் வணிக வங்கியும் ஒன்றேதான். திட்டக் கமிஷன் எந்தத் தொழிற்சாலைக்கு எவ்வளவு என்று சொல்கிறதோ அதைக் கணக்கில் ஏற்றுவதுதான் பேங்கின் வேலை. திருப்பிக் கட்டுவாரா, ஜாமீன் என்ன என்று பார்க்கிற மேனேஜரே அங்கே கிடையாது. ஹங்கேரி 1987-ல் முதலில் மத்திய வங்கியைத் தனியாகப் பிரித்தது. புதிதாகப் பிறந்த வணிக வங்கிகளுக்குச் சீதனமாக வந்ததோ பழைய தொழிற்சாலைகளின் வாராக்கடன்.

அங்கிருந்து ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போயிற்று. ஹங்கேரி 1990-களின் நடுவிலேயே தன் பேங்குகளை வெளிநாட்டு வங்கிகளுக்கு விற்க ஆரம்பித்தது. செக் நாட்டில் 1992 முதல் 1994 வரை, வயது வந்த குடிமக்கள் ஆயிரம் கொருனா (அந்நாட்டு நாணயம்) சொச்சம் கட்டி ஒரு கூப்பன் புத்தகம் வாங்கி, அதைக் கொண்டு கம்பெனிப் பங்குகளை எடுக்கலாம் என்றார்கள். சாதாரண ஜனங்களுக்கு எந்தக் கம்பெனி நல்லது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலோர் கூப்பனை முதலீட்டு நிதிகளிடம் கொடுத்தார்கள். பெரிய நிதிகளில் பலவற்றை நடத்தியவை பேங்குகள். அந்த பேங்குகளிலோ அரசு கணிசமான பங்கைத் தன்னிடமே வைத்திருந்தது. கடன் கொடுப்பவரே கடன் வாங்குபவரின் முதலாளியும் ஆனால் கடன் பிரிவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நொடித்த கம்பெனிக்கும் கடன் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அரசு மக்கள் பணத்தைப் போட்டுக் கணக்கைச் சுத்தம் செய்து, 2000-ல் செஸ்கா ஸ்போர்ஷிடெல்னா வங்கியை ஆஸ்திரியாவின் எர்ஸ்டேவுக்கும், 2001-ல் கொமெர்ச்னி பாங்காவை பிரான்ஸின் சொசியேட்டே ஜெனரலுக்கும் விற்றது.

இதை ஒரு பொருளாதார ஆய்வாளர் எப்படிக் கையாளுகிறார் என்பதற்கு ஓர் உதாரணம். ஜான் போனின், இஃப்தேகார் ஹசன், பால் வாக்டெல் மூவரும் 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 11 நாடுகள், 225 பேங்குகள், 1996 முதல் 2000 வரையிலான கணக்குகள். யார் சொந்தக்காரர் என்பதைப் பொறுத்துச் செலவும் சேவையும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். வெளிநாட்டு வங்கிகள் கையில் போனவை சிக்கனமாக நடந்தன, சேவையும் மேல். அதுவும் வாங்கியவர் தானே இறங்கி நிர்வாகம் செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உள்ளூர்த் தனியாருக்குப் போனவற்றுக்கும் அரசு வங்கிகளுக்கும் செலவுத் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. 'தனியாரிடம் கொடுத்தால் போதும், சரியாகிவிடும்' என்று பேசியவர்களுக்கு அந்த முடிவு ருசித்திருக்காது.

இங்கேதான் உங்கள் மகளை நீங்கள் சோதிக்கலாம். நல்ல மாட்டை முதலில் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டு, வாங்கியவன் வளர்ப்பு பிரமாதம் என்று சொல்ல முடியுமா? வெளிநாட்டவருக்கு விற்ற பேங்குகள் முதலிலிருந்தே நல்ல பேங்குகளாக இருந்திருந்தால்? அந்த மூவரும் இதை யோசித்தார்கள். மிஞ்சியிருந்த அரசு வங்கிகள் சேவையில் பின்தங்கியிருந்ததற்கு, நல்லவை முதலில் விலைபோனது காரணமாக இருக்கலாம் என்றே எழுதினார்கள். இந்தச் சந்தேகத்தை அவளிடம் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்ப்பா, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?' என்று அவள் பேப்பரை எடுத்தால், அவளுக்கு இந்தத் துறை. கூகுளில் செக் தலைநகர் ப்ராகின் படங்களைக் காட்டினால், டூர் போக ஆசை, அவ்வளவுதான்.

தொழில் பக்கத்தில் இன்னொரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். சைமன் ஜான்சன், ஜான் மக்மில்லன், கிறிஸ்டோபர் வுட்ரஃப் 2002-ல் எழுதியது. போலந்து, ஸ்லோவாக்கியா, ருமேனியா, ரஷ்யா, உக்ரைன் ஐந்திலும் சிறு முதலாளிகளிடம் நேரில் கேட்டுத் தகவல் திரட்டியது. சொத்து பத்திரமாக இருக்காது என்று பயப்படுகிறவர், பேங்க் கடன் கிடைத்தாலும்கூட, தன் லாபத்தைத் தொழிலில் போடுவதில்லை என்று கண்டார்கள். மாமூல் கேட்பவனுக்குப் பயந்து கடையைப் பெரிதாக்காமல் இருப்பவரை நம் ஊர் பஜாரிலும் பார்க்கலாம். இந்த ஜான்சன்தான் 2024-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

அப்புறம், வேலை. முதலில் சொன்ன அந்த லண்டன் வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் சேர்ந்து 1999 முதல் அந்த நாட்டுக் கம்பெனிகளிடம் ஒரு சர்வே நடத்துகின்றன. கடன் கேட்டீர்களா, எவ்வளவு ஜாமீன் கேட்டார்கள், அதிகாரிக்குக் 'கவனிப்பு' உண்டா என்பது வரை கேள்விகள். இதே வகைச் சர்வேயை உலக வங்கி 2014-லும் 2022-லும் இந்தியாவிலும் நடத்தியது. செக் கம்பெனிகளின் விவரத்தை அலசத் தெரிந்தவளுக்கு கோயம்புத்தூர் கம்பெனிகளின் விவரத்தையும் அலசத் தெரியும். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறையில் கிரேடு பி அதிகாரி, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணி, கம்பெனிகளின் கடன் தகுதியை மதிப்பிடும் ரேட்டிங் நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள் எல்லாம் கேட்பது இந்தத் திறமையைத்தான். அந்த லண்டன் வங்கியில் 2018 முதல் இந்தியாவும் பங்குதாரர்.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய தயக்கம் கணக்கு. நம் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியலில் கணக்கு குறைவு. ப்ளஸ் டூவில் அவள் என்ன பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. கால்குலஸ், மேட்ரிக்ஸ், நிகழ்தகவு மூன்றும் கை வராமல் எம்.ஏ. நுழைவுத் தேர்வுப் பக்கம் போக முடியாது. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. இந்த ஆண்டு முழுக்க அதற்கே போகட்டும். கூடவே, புள்ளிவிவரங்களை அலச உதவும் 'ஆர்' மென்பொருள். அந்தச் சர்வே விவரங்கள் பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கும். ஒரே ஒரு நாட்டை எடுத்து, சிறு கம்பெனிகள் ஏன் கடனுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். அந்த வேலை அலுத்துவிட்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

எம்.ஏ.வை இந்தியாவிலேயே முடிக்கட்டும். சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், இவற்றில் எது கிடைத்தாலும் சரி. அதற்குப் பிறகும் ஆசை நிற்கவில்லை என்றால் பிஎச்.டி.க்கு ப்ராகில் செர்கே-இ.ஐ. என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் பாடம், உதவித்தொகையும் உண்டு. வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம். அது புடாபெஸ்டில் இருந்தது; ஹங்கேரி அரசோடு ஏற்பட்ட தகராறில் 2019-ல் இடம் மாறியது. இப்படிப்பட்ட அரசியல் இந்தத் துறையில் சகஜம். ரஷ்யாவைப் பற்றி ஆராய்ச்சி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2022 மார்ச்சில் அந்நாட்டு மத்திய வங்கி, பேங்குகள் தங்கள் கணக்குகளை வெளியிடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பிறகு வெளியிட அனுமதித்தாலும், முன்போல் முழு விவரம் வருவதில்லை. கணக்கு முழுசாக வெளிவராதபோது என்ன ஆராய்ச்சி செய்வது?

பிஎச்.டி. என்றால் ஐந்து வருஷமாவது ஆகும். உதவித்தொகையில் அவள் செலவு ஓடும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. ஓய்வுக்கு நான்கு வருஷம்தான் என்கிறீர்கள், பையன் வேறு பத்தாம் வகுப்பு. ஆகவே எம்.ஏ. முடிந்ததும் ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வுக்கு முப்பது வரை நேரம் இருக்கிறது. கோச்சிங்கை இப்போதைக்குத் தள்ளிவைத்தால் எதுவும் கைவிட்டுப் போகாது.

கடைசியாக, போலந்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒரு கன்சல்டன்சி மூன்று லட்சம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். நான் சொன்ன இடங்களுக்கெல்லாம் அவளே ஆன்லைனில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ப்ளஸ் டூ மார்க் ஷீட்டையும் இதுவரை எழுதிய செமஸ்டர் மதிப்பெண்களையும் அனுப்புங்கள். பார்த்துவிட்டு, கணக்கில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.