சோளக் குருத்து காய்ந்த பிறகு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மானாவாரிக் கரிசலில் சோளம் விதைத்து 20 நாள் ஆகிறது. பத்துக்கு இரண்டு செடியில் நடுக்குருத்து காய்ந்துவிட்டது. மருந்துக்கடையில் உடனே தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா? (கோவில்பட்டி வட்டார வாசகர்)

வேண்டாம், காசுதான் வீண்.

காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடிப்பகுதி அழுகி நாறினால் அது குருத்து ஈ. முளைத்த முதல் ஒரு மாதம்தான் அதன் காலம். உங்கள் பயிரின் வயதும் ஒத்துப்போகிறது. தண்டுத்துளைப்பான் என்றால் இலையில் வரிசையாக ஓட்டை இருக்கும், தண்டிலும் துளை தெரியும்.

இந்த ஈ இலையின் அடிப்புறத்தில் ஒற்றை ஒற்றையாக வெள்ளை முட்டை வைக்கும். பொரித்த புழு நேரே குருத்துக்குள் இறங்கி வளர்நுனியை அறுத்துவிடும். குருத்து காய்ந்தது நம் கண்ணில் படும்போது சேதம் முடிந்துபோயிருக்கும். மேலே தெளிக்கிற மருந்து அதைத் திருப்பித் தராது.

இப்போது செய்யக்கூடியது, பயிர் கலைக்கும்போது (நெருக்கமான செடிகளைக் குறைக்கும்போது) ஈ தாக்கிய செடிகளைப் பிடுங்கி அழிப்பது. மாட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். இளஞ்சோளத்தில், அதுவும் வெயிலில் வாடியதில், சயனைடு நஞ்சு உண்டு; மாடு செத்தே போகலாம். பயிர் ரொம்ப இடைவெளி விட்ட இடத்தில் செடியை விட்டுவையுங்கள். மழை கிடைத்தால் அடியிலிருந்து பக்கவாட்டில் தூர் வெடித்துக் கதிர் வாங்கும், கொஞ்சம் பிந்தி.

உண்மையில் இந்தப் பூச்சியை விதைப்பு நாளிலேயே சமாளிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் விதைக்கும்போதே நீங்களும் விதைத்துவிடுங்கள். பிந்தி முளைக்கிற புஞ்சைக்குத்தான், முன்னால் விதைத்த காடுகளில் பெருகிய ஈ மொத்தமாக வந்து இறங்கும். ஏக்கருக்கு 5 கிலோ விதை போட்டால் பிடுங்குவதற்கும் மிச்சம் இருக்கும். விதைக்கு முன் கிலோவுக்கு 10 மில்லி தயாமீத்தாக்சம் 30 எஃப்.எஸ். (விதையில் கலக்கும் திரவப் பூச்சிமருந்து) கலந்தால், அதிக ஆபத்தான அந்த முதல் வாரங்களைப் பயிர் தாண்டிவிடும். நான் செலவழிக்கச் சொல்லும் ஒரே மருந்து இதுதான்.

அப்புறம் கருவாட்டுப் பொறி. ஏக்கருக்கு 5 பொறி, பயிருக்கு 30 நாள் ஆகும்வரை. நனைத்த கருவாட்டுத்தூள் வாசத்துக்கு ஈ தேடி வரும் (நாயும் வரும், உயரமாகக் கட்டுங்கள்). பழைய கையேடுகளில் அதனுடன் டைக்குளோர்வாஸ் ஊற்றச் சொல்லியிருக்கும். அந்த மருந்து இப்போது இந்தியாவில் தடை செய்யப்பட்டது, தேடி அலைய வேண்டாம்.