ஹெலீன் புயலுக்குப் பிறகு கிளினிக்கும் கடையும்: கேள்வி பதில்

2024 செப்டம்பர் 26 அன்று புளோரிடாவில் கரையைக் கடந்த ஹெலீன் புயல், அமெரிக்காவின் வட கரோலினா மலை ஊர்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அங்கே தொழில் நடத்துபவர்களின் கேள்விகளுக்கு, பேரிடர் கடன் விண்ணப்பங்களைக் கவனிக்கும் கணக்காளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஆஷ்வில்லில் மேட்டுப் பகுதியில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். வெள்ளம் உள்ளே வரவில்லை. குழாயில் தண்ணீர் வராததால் மூடிக் கிடந்தது. சேதமே இல்லாதவருக்குக் கடன் தருவார்களா?

பதில்: தருவார்கள். ஆஷ்வில்லில் குடிக்கத் தகுந்த குழாய்நீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்பியது. பல்லைத் துளையிடும் கருவிக்கும் தண்ணீர் வேண்டும், கருவிகளைக் கழுவவும் தண்ணீர் வேண்டும், எப்படித் திறப்பீர்கள்? இந்த நிலைக்கென்றே மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம், அதாவது எஸ்.பி.ஏ., பொருளாதாரப் பாதிப்புக் கடன் தருகிறது. வட்டி 4 சதவீதத்தைத் தாண்டாது. வாடகை, ஊழியர் சம்பளம் போன்ற நடைமுறைச் செலவுக்குத்தான் அது. வராமல் போன லாபத்துக்கு அல்ல. வங்கியிலேயே கடன் வாங்கும் வசதி உள்ளவருக்குக் கிடைக்காது. பேரிடர் அறிவிக்கப்பட்டதிலிருந்து பொதுவாக 9 மாதம் அவகாசம் உண்டு. முந்தைய ஆண்டின் அதே மாத வருமானத்தையும் இந்த ஆண்டு வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீண்ட விளக்கக் கடிதத்தைவிட அந்த இரண்டு எண்கள் அதிகம் பேசும்.

கேள்வி: பில்ட்மோர் வில்லேஜில் எங்கள் உணவகம் மூழ்கிப்போனது. மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமாவின் மானியம் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: உணவகத்துக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது. ஃபீமாவின் தனிநபர் உதவி உங்கள் வீட்டுக்குத்தான். தொழிலுக்கு எஸ்.பி.ஏ. கடன்தான் வழி: பொருட்சேதத்தையும் பொருளாதாரப் பாதிப்பையும் சேர்த்து 20 லட்சம் டாலர் வரை, தவணைக்காலம் 30 ஆண்டு வரை. முதல் பணம் கைக்கு வந்த பிறகு 12 மாதம் தவணையும் இல்லை, வட்டியும் ஏறாது. பொருட்சேதத்துக்கு வழக்கமான கெடு 60 நாள்.

பலரும் காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். காத்திருக்க வேண்டாம், பின்னால் காப்பீடு வந்தால் அந்தப் பணம் கடனில் கழியும், அவ்வளவுதான். சாதாரணக் கடைக் காப்பீட்டில் வெள்ளம் அடங்காது என்பதையும் பாலிசியைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியை அப்புறப்படுத்துவதற்கு முன் அதன் வரிசை எண் தகட்டையும், சுவரில் சேறு நின்ற கோட்டையும் படம் எடுங்கள்.

2024 அக்டோபர் நடுவில் எஸ்.பி.ஏ.யின் கடன் நிதியே தீர்ந்துபோனது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் டிசம்பரில்தான் மறுபடி பணம் ஒதுக்கியது. ஆனாலும் இடையில் விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கஜானா காலி என்று செய்தி வந்தாலும் வரிசையில் இடம்பிடித்துவிடுங்கள்.

கேள்வி: தனியாகத் தொழில் செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். எனக்கு முதலாளி கிடையாது. வேலையின்மை உதவி கேட்க முடியுமா?

பதில்: முடியும். பேரிடர் வேலையின்மை உதவி சுயதொழில் செய்பவர்களுக்கும் உண்டு. 26 வாரம் வரை கிடைக்கலாம். தொழில் செய்ததற்கான சான்றுகளை விண்ணப்பித்த 21 நாளுக்குள் கொடுங்கள். கடன் இல்லை என்பதால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

கேள்வி: முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் முன்பணம் வாங்கலாமா?

பதில்: பில் அனுப்ப முடியாமல் தவிக்கும் மருத்துவர்கள் கேட்கலாம். ஆனால் அது உங்கள் வருங்கால வருமானம். அடுத்தடுத்த பில்களில் பிடித்துக்கொள்வார்கள். நோயாளிகளே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் பக்கத்தில் போகாதீர்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் மருத்துவர் நான். வீட்டுக்குச் சேதம்.

பதில்: ஃபீமாவின் ரொக்க உதவி உங்கள் பெயரில் கிடைக்காது. உடன் வசிக்கும் குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்றால் குழந்தையின் சார்பில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கத்ரீனா புயலுக்குப் பிறகு மருத்துவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் கொடுத்தார்களாமே?

பதில்: உண்மைதான். நியூ ஆர்லியன்ஸ் பகுதியின் ஆரம்ப சிகிச்சை நிலையங்களைத் தாங்கிப்பிடிக்க 10 கோடி டாலர் மானியம் ஒதுக்கினார்கள். மருத்துவப் பணியாளர்களை ஊருக்கு வரவழைக்கவும் தக்கவைக்கவும் தனி நிதியும் வந்தது. ஆனால் புயல் அடித்தது 2005 ஆகஸ்டில், அந்த 10 கோடி வந்ததோ 2007இல். அப்படி ஒன்று வரும் என்று நம்பி இந்த மாத வாடகையைத் தள்ளிப்போடாதீர்கள்.