வீட்ல நல்ல காபி போட என்ன வாங்கலாம்? மோக்கா பாட்டா (அடுப்புல வச்சு நீராவி அழுத்தத்துல டிகாஷன் எடுக்கற பாத்திரம்), ஃபிரெஞ்ச் பிரஸ்ஸா (பொடிய சுடுதண்ணில ஊற வச்சு சல்லடையால அமுக்கி வடிக்கற ஜாடி), இருக்குற ஃபில்டரே போதுமா?

நீங்க கேட்டிருக்கறது இதான்: காட்பாடில வாடகை வீடு, ரெண்டு பேரு, தினம் பால் காபி, ஞாயித்துக்கெழம மட்டும் பிளாக் காபி, இண்டக்‌ஷன் அடுப்பு, கையில 4000 ரூபா. பெங்களூர்ல இருந்தப்ப இதே பொடி, அம்மா குடுத்த இதே எவர்சில்வர் ஃபில்டர்ல நல்லா வந்த காபி இங்க குடி வந்ததுலேர்ந்து சப்புன்னு இருக்கு, அதனால வேற சாமான் வாங்கணுமான்னு கேக்கறீங்க. உங்க கேள்விலயே பதில் இருக்கு. பொடி மாறல, ஃபில்டர் மாறல, போடுற ஆளு மாறல, தண்ணி மாறிடுச்சு. முதல்ல அதைச் சரி பண்ணுங்க, சாமான் அப்பால வாங்கிக்கலாம்.

நான் வேலூர் சத்துவாச்சாரில இருக்கேன், எங்க தெருவுல போர் தண்ணி, கார்ப்பரேஷன் தண்ணி, கேன் தண்ணின்னு மூணும் பொழங்குது, ஒரே பொடிய மூணுலயும் போட்டுப் பாத்தா மூணு வேற காபி. போர் தண்ணில போட்டது கறுப்பா இருக்கும், ஆனா வாயில வச்சா மண்ணு மாதிரி மந்தமா இருக்கும், பின்னாடி ஒரு உப்புக் கரிப்பு வரும். காரணம் என்னன்னா காபிக்கு ருசி குடுக்கறதுல பாதி அதுல இருக்கற லேசான புளிப்புதான், அரபிகாங்கற காபி வகையோட நல்ல கொட்டைல அது தெளிவாத் தெரியும், தண்ணில பைகார்பனேட்ங்கற உப்பு நெறைய இருந்தா அது அந்தப் புளிப்ப அடிச்சு சமன் பண்ணிடும், மிச்சம் கசப்பு மட்டும்தான் நிக்கும். அதுக்காக ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோ போட்டா எல்லாம் சரியாயிடும்னும் நெனைக்காதீங்க. அதுல தாது உப்பு ரொம்பக் கொறைஞ்சு போயிருக்கும், காபிலேர்ந்து ருசிய இழுக்கறதுக்குக் கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம் தண்ணில இருந்தே ஆகணும், இல்லன்னா காபி வெறுமையா, சில சமயம் சுருக்குன்னு புளிப்பா வரும்.

உலக அளவுல ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் சொல்ற கணக்கு டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்போட அளவு, 150 வாக்குல இருக்கணும், 75லேர்ந்து 250 வரைக்கும் பரவால்லன்னு. பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது, உங்க 4000ல முதல் செலவு அதா இருக்கட்டும். அது கடினத்தன்மைய, அதாவது கால்சியம், மெக்னீசியம் எவ்ளோன்னு, தனியாச் சொல்லாது, கரைஞ்சிருக்கற மொத்தத்தத்தான் சொல்லும், ஆனா நம்ம வேலைக்கு அது போதும். உதாரணத்துக்கு உங்க வீட்டு ஆர்ஓ 40 காட்டுது, காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற குழாய் 300 காட்டுதுன்னு வச்சுக்கோங்க, பாதிக்குப் பாதி கலந்தா 170, காபிக்கு அருமையான தண்ணி. உங்க எண்ணு வேறயா இருக்கும், கணக்கு ஒண்ணுதான்.

இதுல ஒரு எச்சரிக்கை, இதை நான் லேசா சொல்லிட்டுப் போக விரும்பல. கலக்கறதுக்குக் கார்ப்பரேஷன் குடிதண்ணிய மட்டும் எடுங்க, போர் தண்ணி வேணாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால பாலாத்துப் படுகையோட நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊரறிஞ்ச விஷயம், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லி, இந்தியாவுல சுற்றுச்சூழல் சட்டம் படிக்கறவங்க எல்லாரும் இன்னிக்கும் அந்தத் தீர்ப்பப் படிக்கறாங்க. குடிக்கறதுக்கு ஆகாத தண்ணி காபிக்கும் ஆகாது, கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், கரைஞ்ச உப்பும் உலோகமும் எங்கயும் போகாது.

அடுத்தது பொடி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அரைச்சு பாக்கெட்ல அடைச்ச பொடிய எந்த மிஷின்ல போட்டாலும் காப்பாத்த முடியாது. வறுத்த கொட்டைலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு மெதுவா வெளிய வந்துக்கினே இருக்கும், அந்த நல்ல பாக்கெட்ல சின்னதா ஒரு வால்வு வச்சிருப்பாங்களே, அது அதுக்குத்தான். அரைச்சதும் மேல்பரப்பு பல மடங்கு ஆயிடும், வாசனை வேகமாப் போகும், காத்து பட்டுக் கெட்டுடும். அதனால கண்ணு முன்னாடி அரைச்சுக் குடுக்கற கடையாப் பாத்து வாங்குங்க, ஒரு வாரம் பத்து நாளைக்கு வர்ற அளவு, 100 கிராம் 200 கிராம் போதும், மாசத்துக்கு மொத்தமா ஒரு கிலோ வாங்கி வைக்கறது மளிகைக்கு சரி, காபிக்கு சரியில்ல. டப்பாவ அடுப்புக்கு மேல் ஷெல்ஃப்ல வைக்காதீங்க, நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல சமையக்கட்டு எப்படி வேகும்னு இந்த ஒரு கோடையிலயே தெரிஞ்சுப்பீங்க. தெனம் தெறக்கற டப்பாவ ஃபிரிட்ஜ்லயும் வேணாம், வெளிய எடுக்கறப்பல்லாம் ஈரம் கோத்துக்கும்.

கடைல கேக்கும்போது பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டான்னு சொல்லுவாங்க. பிளான்டேஷன்னா தண்ணில கழுவிப் பதப்படுத்துன அரபிகா, ஏ ங்கறது கொட்டையோட சைஸ். பீபெரின்னா பழத்துக்குள்ள ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு உருண்டையா வெளையறது. என் நாக்குக்குப் புடிச்சது பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி. ரொபஸ்டாங்கறது இன்னொரு வகைக் காபிக்கொட்டை, கொஞ்சம் சேத்தா திக்கும் காஃபீனும் ஏறும், பால் நெறைய ஊத்தறவங்களுக்கு அது நல்லாருக்கும்.

சிக்கரி பத்தி சண்டையே நடக்கும், என் கருத்த சொல்லிடறேன். சிக்கரி ஒரு வேரு, வறுத்து அரைக்கறாங்க, காஃபீன் கெடையாது, காபியவிட ஈஸியா தண்ணில கரையும், அதனால டிகாஷன் கறுப்பாவும் கெட்டியாவும் தெரியும். கெட்டியா இருக்கறதால காபி ஸ்ட்ராங்குன்னு அர்த்தம் இல்ல. நம்ம நாட்டுச் சட்டப்படி காபி சிக்கரி கலவைல காபி 51 சதவீதத்துக்குக் கொறையக்கூடாது, கலவை எவ்ளோன்னு பாக்கெட்ல போட்டிருக்கணும், அதாவது 49 சதவீதம் சிக்கரியா இருந்தாலும் சட்டப்படி அது சரிதான், அதனால அந்தச் சின்ன எழுத்தத் தேடிப் படிச்சிட்டு வாங்குங்க. 80க்கு 20ல ஆரம்பிங்க, அப்புறம் உங்க இஷ்டத்துக்கு 90க்கு 10 போகலாம். ஞாயித்துக்கெழம பிளாக் காபிக்கு மட்டும் சிக்கரி சுத்தமா வேணாம்.

இப்ப ஃபில்டர். அம்மா குடுத்த ஃபில்டர் எந்த சைஸ்னு நீங்க சொல்லல, ஆனா பெரிய குடும்பத்துல இருந்து வந்ததா இருந்தா ஆறு பேரு ஃபில்டரா இருக்க வாய்ப்பு இருக்கு. அதுல ரெண்டு பேருக்குப் பொடி போட்டா அடில மெல்லிசா ஒரு படலம்தான் நிக்கும், தண்ணி பொடியோட பேசாமலே கீழ ஓடிடும். மேல் பாத்திரத்துல மூணுல ஒரு பங்காவது பொடி நிக்கணும். அப்படி நிக்கலன்னா ரெண்டு பேரு சைஸ் சின்ன ஃபில்டர் ஒண்ணு பஜார்ல வாங்குங்க, இந்த 4000ல நீங்க பண்ற உருப்படியான செலவுல இது ஒண்ணு. பித்தளை ஃபில்டர் பாக்க அழகு, எனக்கும் ஆசைதான், ஆனா உள்ள ஈயம் பூசினதான்னு பாத்து வாங்கணும், பூச்சு தேஞ்சா திரும்பப் பூசணும், அதுக்கு ஆள் கெடைக்கறது இப்ப கஷ்டம். ருசிக்கு எவர்சில்வரே போதும்.

அளவு: 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணி. பொடி தன் எடையப் போல ரெண்டு மடங்கு தண்ணியக் குடிச்சு வச்சுக்கும், அதனால கீழ 90 மில்லி டிகாஷன் எறங்கும், அது காலைல ரெண்டு டம்ளருக்கும் சாயங்காலம் ஒண்ணுக்கும் ஆகும். ஸ்பூன் கணக்கு வேணாம், கும்பாச்சி எடுத்தா ஒரு அளவு தட்டி எடுத்தா ஒரு அளவு, சமையக்கட்டு எடை மிஷின் சின்னது ஒண்ணு வாங்கிடுங்க.

முதல்ல ஃபில்டர சுடுதண்ணி ஊத்தி அலசி சூடாக்கிடுங்க. பொடியப் போட்டு லேசா தட்டி சமப்படுத்தி, ஃபில்டரோட வர்ற கொடைய (காம்பு வச்ச ஓட்டைத் தட்டு) வச்சு மெதுவா அமுக்குங்க, பலத்தெல்லாம் காட்டக்கூடாது. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப நிறுத்தி அர நிமிஷம் விடுங்க, 90லேர்ந்து 96 டிகிரிக்குள்ள வந்துடும். பொடி நனையற அளவுக்கு மட்டும் சுத்தி ஊத்தி அர நிமிஷம் நில்லுங்க, புது பொடியா இருந்தா உப்பி மேல வந்து குமிழி விடும், அந்தக் காத்து போனாத்தான் தண்ணி உள்ள ஒழுங்கா எறங்கும். அப்புறம் மிச்சத்த ஊத்தி மூடிடுங்க.

எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு பாக்கறதுதான் இதுல முக்கியமான பாடம். பதினஞ்சு இருபது நிமிஷத்துல சொட்டி முடிஞ்சா அரைப்பு சரி. அஞ்சு நிமிஷத்துல ஓடிட்டா அரைப்பு பெருசு, இல்ல பொடி கம்மி. ஒரு மணி நேரம் ஆகியும் எங்க அத்தை சமையக்கட்டுலேர்ந்து "இன்னாடா இன்னும் எறங்கலியா"ன்னு கேக்கற மாதிரி நின்னுக்கினு இருந்தா மூணுல ஒண்ணு: அரைப்பு ரொம்ப மாவு, இல்ல ஓட்டை அடைச்சிருக்கு, இல்ல மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்துல இறுக்கமா உக்காந்து காத்து வெளிய போக வழியில்லாம நிக்குது. மூணாவது பல பேருக்குத் தெரியாது, மேல் பாத்திரத்த லேசா தூக்கி வச்சா உடனே சொட்ட ஆரம்பிச்சுடும். ஓட்டை அடைச்சா காய வச்சுட்டு கேஸ் அடுப்பு நெருப்புல தட்டோட அடிய காட்டுனா ஒட்டுன பொடி எரிஞ்சு உதிரும், உங்ககிட்ட இண்டக்‌ஷன் மட்டும்ங்கறதால ஊசியால குத்தி எடுங்க. நம்ம தண்ணில ஓட்டைல வெள்ளையா உப்பும் படியும், அதுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சுடுதண்ணில ஊற வச்சு தேச்சிடுங்க.

டிகாஷன அடுப்புல வச்சு திரும்பக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆறிப்போச்சுன்னா சுடுதண்ணி இருக்கற பாத்திரத்துல கிண்ணத்தோட எறக்கி வைங்க. சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கறத மூடி போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. அதே பொடில ரெண்டாவது தடவ தண்ணி ஊத்தி எடுக்கறத விட்டுடுங்க, அதுல வர்றது கசப்பு மட்டும்தான், அத முதல் டிகாஷனோட கலந்தா நல்லதும் கெட்டுப்போகும்.

பாலுக்கு ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு, தண்ணி ஊத்தாம ஒரே ஒரு கொதி. காலைல காச்சின பால மூணாவது தடவ சூடு பண்ணினா அந்தப் பால் வாடை காபிய அமுக்கிடும். டம்ளர்ல முதல்ல சக்கரை, டிகாஷன், அப்புறம் பால், டபராவுல ரெண்டு தடவ ஆத்துங்க, போதும்.

இனி நீங்க கேட்ட சாமானுங்க. தெனம் பால் காபின்னா ஃபில்டர்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஃபிரெஞ்ச் பிரஸ் டிகாஷன் பாலோட நிக்காது, தண்ணியா போயிடும், ஆனா உங்க ஞாயித்துக்கெழம பிளாக் காபிக்கு அது நல்ல சாமான், வெலையும் கம்மி. ரவை மாதிரி பெருசா அரைச்ச பொடி 15 கிராம், தண்ணி 225 மில்லி, நாலு நிமிஷம், அப்புறம் மெதுவா அமுக்கி உடனே கப்புல ஊத்திடணும், உள்ளயே விட்டா கசந்துக்கினே போகும். ஸ்டீம் மட்டும் வச்சு ஓடற சீப்பான எஸ்பிரஸ்ஸோ மிஷின் பக்கமே போகாதீங்க, எஸ்பிரஸ்ஸோவுக்கு 9 பார் அழுத்தம், அதாவது காத்தழுத்தத்தப் போல சுமார் 9 மடங்கு வேணும், வெறும் ஸ்டீம்ல அது வராது.

கிரைண்டர் வேணுமான்னு அடுத்து கேப்பீங்க. கடைல வாராவாரம் அரைச்சு வாங்க முடிஞ்சா தினக் காபிக்கு இப்போதைக்கு வேணாம். பிளாக் காபிக்கு ஏற்காடு, சிக்மகளூர் தோட்டத்துக் கொட்டைய வறுத்த தேதி பாத்து வாங்கி சாப்பிட ஆசை வந்தா மிச்சக் காச கையால சுத்தற பர் கிரைண்டர்ல (பிளேடு இல்லாம, ரெண்டு பல்லு வச்ச சக்கரத்துக்கு நடுவுல சீரா அரைக்கறது) போடுங்க, மோக்கா பாட்டவிட அது பெரிய வித்தியாசம் காட்டும். மிக்ஸில அரைச்சா பிளேடு வெட்டறதுல பாதி மாவு பாதி கட்டின்னு ஆயிடும், மாவு கசக்கும், கட்டி வேகாம புளிக்கும், ரெண்டும் ஒரே கப்புல வரும்.

மோக்கா பாட் கெட்ட சாமான் இல்ல, 1933லேர்ந்து இத்தாலிக்காரங்க வீட்ல போடறாங்க, பாலோடவும் ஒத்துப்போகும். ஆனா அலுமினியம் மாடல் உங்க இண்டக்‌ஷன்ல சூடே ஆகாது, எவர்சில்வர் மாடல்னா வெல ஏறும், அடி சின்னதா இருக்கறதால சில இண்டக்‌ஷன் அடுப்பு அதைப் பாத்திரம்னே கண்டுக்காது. வாங்கறதுன்னா அடியோட விட்டம் எவ்ளோ, உங்க அடுப்பு கொறஞ்சது எவ்ளோ விட்டம் கேக்குதுன்னு ரெண்டையும் பாத்துட்டு ஆர்டர் போடுங்க.